குப்புசாமி சாரும் கழலாத சக்கரமும்

புதன்கிழமை காலை இரண்டாம் பாடவேளை. சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. வகுப்பில் நான் எடுப்பதில்லை. மூன்றாம் முறை அதிர்ந்தபோது வெளியே வந்து எடுத்தேன். குப்புசாமி சாரின் மனைவி. “சார், அவரு போயிட்டாருங்க. காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாருங்க” என்றார். உள்ளே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு உடம்பு முடியாமல் விடுப்பில் போகும்வரை அவர்களுக்கு அறிவியல் எடுத்தவர் அவர்.

நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய பயம் தெரியும். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போனவர், கேஸ் குழாயை மூடினோமா என்று திரும்பி வருவார். சுற்றுலாப் பேருந்து கிளம்பும்முன் நான்கு பக்கமும் குனிந்து டயரைப் பார்ப்பார். ஓட்டுநர் முறைப்பார். “பாத்துட்டுப் போனா என்னங்க குறைஞ்சு போகுது?” என்பார் சார். ஆசிரியர் அறையில் நாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அதிகம் சிரித்தவன் நான்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். என் மனைவி மலருக்கு அப்போது ஏழாம் மாதம். குளியலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாவாடையெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். பக்கத்து வண்டி வேறு இடம் போயிருக்கிறது, முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த குப்புசாமி சாரின் வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தன் பழைய காரை எடுத்தார்.

சங்ககிரி பெரிய சாலைக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது பின்பக்கச் சக்கரம் பஞ்சர். இரண்டு பக்கமும் சோளக்காடு. ஆள் அரவமே இல்லை. ஜாக்கியை வைத்துத் தூக்குவதற்குமுன் சார் சொன்னார்: “சார், மலரை எறக்கிப் படுக்க வைக்கோணுங்க.”

“அசைக்கவே கூடாது சார். பாருங்க, எப்படி ரத்தம் போகுதுன்னு.”

“ஆள உள்ள வெச்சிட்டு நான் ஜாக்கி போட மாட்டனுங்க.”

அவர் குரல் நடுங்கியது. ஆனால் அசையவில்லை. இருவரும் மலரைத் தூக்கி வேப்பமரத்தடியில், போர்வையை விரித்துப் படுக்க வைத்தோம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

நான்கு நட்டையும் கழற்றினோம். சக்கரம் வரவில்லை. துருவேறி உள்ளே இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தோம். கல்லை எடுத்து டயரில் அடித்தோம். வண்டிதான் ஆடியது. அடியில் படுத்து உள்பக்கமிருந்து இரண்டு காலாலும் உதைத்தால் வந்துவிடும் என்று தோன்றியது. மண்ணில் படுத்து, இடுப்புவரை உள்ளே போய்விட்டேன். சட்டைக் காலரைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். சார்தான். பொத்தான்கள் தெறித்தன.

“உள்ள போகாதீங்க. உங்க கால்ல உழுந்து கேக்கறேன், போகாதீங்க.”

எழுந்து அவரைப் பார்த்துக் கத்தினேன். “பயந்தாங்கொள்ளி! என் பொண்டாட்டி செத்துட்டிருக்கா, நீ பயந்துட்டு நிக்கிற!” அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை.

அவர் ஸ்டெப்னியை உருட்டி வந்து, வண்டியின் அடியில், நான் படுத்திருந்த இடத்தில் படுக்கையாகத் தள்ளினார். நான் ஆத்திரத்தில், வெளியே நின்றபடியே சக்கரத்தை ஓங்கி உதைத்தேன். ஜாக்கி சாய்ந்தது. வண்டி இறங்கியது. ஒரே நொடிதான். ஸ்டெப்னியின் மேல் மொத்தக் கனமும் விழுந்து நின்றது. புழுதி அடங்கும்வரை இருவரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சார்தான் முதலில் குனிந்தார். ஜாக்கியைத் தட்டையான கல்லின் மேல் வைத்து மறுபடி தூக்கினார். ஸ்டெப்னியை வெளியே இழுத்தார். கழற்றிய நட்டுகளைத் திரும்ப மாட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “முழுசா இறுக்கலீங்க. அரைச்சுத்து லூஸா இருக்கட்டும். வண்டிக் கனமே அதைப் பேத்து உடும்” என்றார். அவர் விரல்கள் நடுங்கி, ஒரு நட்டு இருமுறை மண்ணில் விழுந்தது. ஊதி ஊதி மாட்டினார். “கை நடுங்கலாமுங்க. நட்டு நடுங்கக் கூடாது” என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

வண்டியைக் கீழே இறக்கி, பத்தடி முன்னால் ஓட்டிச் சட்டென்று பிரேக் போட்டார். பின்னால் எடுத்துப் பிரேக் போட்டார். ஒன்றுமில்லை. நான் மலரின் தலையை மடியில் வைத்து, “கண்ணை மூடாத, மூடாத” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை ‘டப்’பென்று ஒரு சத்தம். மறுபடி தூக்கி நட்டைக் கழற்றியதும் சக்கரம் கையோடு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மலரை உள்ளே கொண்டுபோன பிறகு நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்டேன். “உள்ளதைத்தானுங்க சொன்னீங்க” என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார். லாரி ஓட்டிய அவருடைய அண்ணன் ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். ஜாக்கி சாய்ந்ததை இவர் பக்கத்தில் நின்று பார்த்தார். “கத்தறதுக்கு வாயைத் தெறந்தனுங்க சார். சத்தம் வரல” என்றார். இதை நம் பள்ளியில் யாரிடமும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மலர் பிழைத்தாள். குழந்தை முப்பத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். கயல் இப்போது மூன்றாம் வகுப்பு.

போன மாதம் சாருக்கு இதயத்தில் அடைப்பு என்று சொல்லி, சேலத்தில் ஒரு சோதனைக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் என்னை அழைத்தார். “சார், பயமா இருக்குதுங்க. கொஞ்சம் கூட வாரீங்களா?” ஐம்பத்தொரு வயது ஆண், ஒளிக்காமல் அப்படிக் கேட்டதை நான் அதுவரை கேட்டதில்லை. போனேன். உள்ளே அழைக்கும்வரை என் கையை விடவில்லை.

வியாழக்கிழமை அவரை எரித்துவிட்டுத் திரும்பும்போது வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எதற்கு என்று மலர் கேட்டாள். பதினோரு வருடத் திருமண வாழ்வில் அவளிடம் ஒருமுறைகூடச் சொல்லாததைச் சொன்னேன்.

“எனக்குப் பயமா இருக்கு மலரு.”

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தச் சொல்தான். மலர் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.