எடை குறைஞ்சா எங்களுக்குக் கொண்டாட்டம்

கல்லை நிறுத்து, மண்ணுல பொதைச்சு, வருசம் கழிச்சு எடுத்து மறுபடி நிறுக்குறதுதாங்க என் பொழப்பு. செடி பாறையை எப்படிக் கரைக்குதுன்னு பார்க்குற ஆராய்ச்சி. ஊட்டுல சொல்லிப் புரிய வெக்க முடியாத வேலை பார்க்குறவங்கெல்லாம் என் கட்சி, வாங்க, உக்காருங்க.

பொண்ணு பார்க்கப் போன எடம்

ஊட்டிப் பக்கம் எமரால்டுல, கேரட் போடுறவரு ஊடு. பொண்ணோட அப்பா என்ன வேலைன்னு கேட்டாரு. கருங்கல்லைப் பொடிசா ஒடச்சு, வலைப்பையில கட்டி, தேயிலைத் தூருல பொதைப்போம்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். அவரு காபி டம்ளரைக் கீழ வெச்சாரு.

"ஏனுங்க, பொதைக்காட்டி கல்லு எங்காச்சும் ஓடியா போயிருமுங்க?"

ராசம்மாக்காவோட கேள்வி

சேரம்பாடியில நாங்க பை பொதைச்ச எடத்துல கொழுந்து பறிக்கிறவங்க ராசம்மாக்கா. சின்ன வயசுல சிலோன்ல இருந்து வந்தவங்க. வேருக்குப் பல்லா இருக்கு, கல்லைத் திங்கன்னு கேட்டாங்க.

வேர் விடுற கரியமில வாயு மண்ணு ஈரத்துல கலந்து லேசான அமிலமாகும், அது கல்லைக் கொஞ்சங்கொஞ்சமாக் கரைக்கும், கல்லு எடை குறையும்னேன். செடி காத்துல இருந்து இழுத்த வாயுவுல ஒரு பங்கு அந்தக் கரைசலோட ஆத்துல எறங்கி, கடலுக்கே போயிரும்னும் சொன்னேன்.

"அப்ப எஸ்டேட்டுல மேல நாங்க ஒரு டிவிசன், கீழ செடி தனியா ஒரு டிவிசன் நடத்துதுன்னு சொல்லு!"

பை தோண்டுன நாள்

ஒப்பிட்டுப் பார்க்கன்னு செடியில்லாத வெறும் மண்ணுல பொதைச்ச பைங்க எடை அப்படியேதான் இருந்துச்சு. தேயிலைத் தூருல இருந்த பைங்களோ, வெச்சதை விடக் கனத்துது! ஆராய்ச்சியை நடத்துற எங்க மேடம் மூஞ்சி செத்துப்போச்சு. ஒரு வருச வேலை போச்சேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

கூடையோட நின்ன ராசம்மாக்கா மெதுவாச் சொன்னாங்க: "எடை குறையும்னு நீதானே தம்பி சொன்ன? நிறுவையில குறைஞ்சா உன்னை ஏசுவாங்களேன்னு பைக்கு ரெண்டு ஓடைக்கல்லு போட்டு வெச்சேன்."

அடக் கடவுளே! தெனம் கொழுந்தை நிறுவைக்குக் கொண்டு போறவங்க பயம் அது. பையை அவுத்தா, எங்க கருங்கல் சில்லுக்கு நடுவுல வெள்ளை வெளேர்னு கூழாங்கல்லு. அதைப் பொறுக்கிப் போட்டுட்டு, மிச்சத்தைக் கழுவி, நல்லாக் காயவெச்சு நிறுத்தோம். தேயிலைத் தூரு பை அத்தனையும் எடை குறைஞ்சிருந்துச்சு. துளியூண்டுதான், ஆனா ஒண்ணு தப்பாம. எங்க மலைத் தேயிலை பாறையையே கரைக்குதுங்க! பெருமை தாங்காம, சேதி சொல்ல ஓடுனேன். கொழுந்து பறிச்சிட்டிருந்தவங்க அத்தனை பேரும் கை தட்டுனாங்க. ராசம்மாக்கா சிரிச்சிட்டே சொன்னாங்க:

"முப்பது வருசமா எடை குறைஞ்சு ஏச்சு வாங்கியிருக்கேன், எடை குறைஞ்சதுக்குக் கைதட்டு வாங்குனது இன்னைக்குத்தான்!"

எமரால்டுக்கார ஐயா, கல்லு ஓடித்தான் போகுதுங்க, கடல் வரைக்கும், வெரட்டுறது எங்க செடிங்க!