மின்மினிப் படம்

அந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் எஸ்டேட்டின் பழைய பங்களாவை டூரிஸ்டுகள் தங்கும் விடுதியாக்கியிருந்தார்கள். அங்கே சமைப்பதும் அறை பெருக்குவதும் என் வேலை. முன்னறைச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. இருட்டில் தேயிலைச் சரிவு, அதில் வளைந்து வளைந்து ஓடும் வெளிச்சக் கோடுகள். கீழே ‘மின்மினிகள்’ என்று பெயர். வருகிறவர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

மின்மினியாம், மண்ணாங்கட்டி! அது எங்கள் டார்ச் வெளிச்சம். தோட்டத் தொழிலாளிகள் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் கக்கூஸ் கிடையாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பெண்களெல்லாம் கூட்டமாக டார்ச் எடுத்துக்கொண்டு அந்தச் சரிவுக்குத்தான் போவோம். ரோட்டு வளைவில் நின்று எங்களைத்தான் எடுத்திருக்கிறான் அந்த மகராசன். ஒரு வார்த்தை கேட்டானா?

படத்தின் பேர் பரவியதும் அதே வளைவில் கேமரா ஸ்டாண்டுகள் முளைத்தன. வெளிச்சம் தெரிந்தால்தானே எடுக்கிறார்கள் என்று நாங்கள் டார்ச்சை அணைத்துவிட்டுப் போக ஆரம்பித்தோம். கரடியும் காட்டெருமையும் திரிகிற இடம். அப்படிப் போன ஒரு ராத்திரி அம்மா மழைத்தண்ணீர் ஓடும் கான் பள்ளத்தில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த கால் அது, பிறகு பழையபடி கூடவேயில்லை. அவள் நொண்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரியும். அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைக்கட்டும் என்று கறுவிக்கொண்டே இருந்தேன்.

கிடைத்தான். அடுத்த பனிக்காலத்தில் அவனே விடுதிக்கு வந்தான், தனியாக. படத்தின் முன்னால் நின்று, “இது நான் எடுத்ததும்மா” என்றான் பெருமையாக.

“இதுல இருக்கறது ஆளுங்கன்னு தெரியுங்களா சார்?”

“யாரோ எஸ்டேட் ஆளுங்க நடந்து போனாங்க. இருட்டுல யாருக்கும்மா தெரியப்போகுது?”

அதோடு முடிவு செய்துவிட்டேன். சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை, அந்த அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. சுடச்சுட ரசத்தை மட்டும், “குளுருக்கு நல்லதுங்க” என்று டம்ளர் டம்ளராக ஊற்றினேன். அன்றைக்கு மேனேஜரும் ஊரில் இல்லை, வேறு டூரிஸ்டுகளும் இல்லை. எல்லாக் கக்கூஸையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் நெளிந்துகொண்டே வந்தான். “பாத்ரூம் பூட்டியிருக்கே?”

“பைப்பு அடைச்சுக்கிச்சுங்க சார். ஆள் காலைலதான் வருவாங்க.” டார்ச்சை நீட்டினேன். “அந்தச் சரிவுக்குப் போங்க. நாங்கெல்லாம் அங்கதானுங்க போறோம்.”

முகத்தைச் சுளித்தான். ஆனாலும் ஓடினான். மிருகம் ஏதும் வராமல் பார்த்துக்கொள்ள மேலேயும் கீழேயும் முன்கூட்டியே ஆள் நிறுத்தியிருந்தேன். அவன் உயிர் எனக்கு வேண்டாம், மானம் போனால் போதும்.

அவன் டார்ச் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தாழ்ந்து நின்றது. ரோட்டு வளைவில் காத்திருந்த லைன் பெண்களோடு நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் செல்போன் விளக்கை அவன் பக்கம் திருப்பினோம்.

“ஏய், யாரது? இங்க ஆள் இருக்கேன்! போட்டோ எடுக்காதீங்க!” என்று அலறினான்.

யாரும் எடுக்கவில்லை. வெளிச்சம் மட்டும்தான் அடித்தோம். அவன் திரும்பத் திரும்பக் கெஞ்சினான். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி முன்னால் வந்தாள்.

“அட, ஆளுங்களா சார்? நாங்க மின்மினின்னு நெனச்சுப்போட்டமுங்க!”