மாவு வெள்ளையாகத்தான் இருந்தது

முத்துமாரியின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் மிச்சம். நடுவிலிருந்த மூன்றும் எப்படிப் போயின என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். "கிரைண்டர்ல மாட்டிக்கிச்சு" என்பாள். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவள் வாயில் கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிட்டது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

மாதனூருக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் அவளுடையது. புருஷன் பாண்டியன் தோப்புகளில் காய் பறிக்கிற கூலி. அவள் விடிவதற்கு முன்பே எழுந்து மெயின் ரோடு வரை நடந்துபோய், ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். அந்தத் தெருவிலிருந்து வேலைக்குப் போகிற பெண்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அவர்களுடையது வேறு கம்பெனி, வேறு பஸ். இவள் பஸ்ஸில் அந்த ஊரிலிருந்து ஏறுகிறவள் இவள் ஒருத்திதான்.

ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் அழுத்தி ஒட்டுகிற மிஷினில் அவளுக்கு வேலை. அந்த மிஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருந்தார்கள். அவசர ஆர்டர் வந்தால் அதற்கெல்லாம் நேரம் ஏது? வலது பட்டனில் ஒரு தோல் துண்டை மடித்துச் செருகிவிட்டால் இடது கையால் ஒன்றை அழுத்திக்கொண்டே வலது கையால் ஷூவை நேராக்கலாம். யார் முதலில் செருகினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல் நடப்பார். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று மட்டும் தோல் துண்டுகள் காணாமல் போகும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பச் செருகிக்கொள்வார்கள்.

அப்படி ஒரு ஆடிட்டுக்கு முந்தின வாரம்தான் மேல்தட்டு அவள் கைமேல் இறங்கியது.

கம்பெனி வேனில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கழிவுத் துணி சுற்றிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவள் சோபனா. டிகிரி முடித்துவிட்டு எச்.ஆரில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். அவளுடைய அப்பாவும் தோல் பதனிடுகிற ஷாப்பில் காலமெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்தான். வேன் ஓட்டிய லியாகத் அலி கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார். அதற்குப் பிறகு அவர் திரும்பவேயில்லை.

"அக்கா, கேட்டா வூட்ல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க கா" என்றாள் சோபனா. "அடுத்த வாரம் பையர் வர்றான். கம்பெனில ஆச்சுன்னு தெரிஞ்சா ஆர்டர் போய்டும். அவ்ளோ ஜனத்துக்கும் வேலை போய்டும். உங்க வேலை எங்கயும் போவாது, நான் பார்த்துக்கறேன்."

சொல்லும்போது அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். முத்துமாரி தலையை ஆட்டினாள். அந்த வலியில் எதற்கு வேண்டுமானாலும் தலையை ஆட்டியிருப்பாள்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்தார். கிரைண்டர் என்றதும் சோபனாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, கை உள்ளே இருக்கும்போது சுவிட்ச் போட்டது யாரும்மா என்று கேட்டார்.

அதற்கு என்ன சொல்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எம் பொண்ணு. சின்னப் பொண்ணு, தெரியாம போட்டுட்டா."

நந்தினி அப்போது ஒண்ணாம் வகுப்பு. கவர்மெண்ட் கொடுத்த கிரைண்டர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதன் சுவிட்ச் அவளுடைய சொத்து. சாயங்காலம் அம்மா அரிசியைக் கழுவிப் போட்டுவிட்டு விலகி உட்கார்ந்ததும், பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றுகொள்வாள். "மா, போடட்டா?" என்று கேட்பாள். அம்மா "போடு" என்று சொல்கிற வரைக்கும் விரல் சுவிட்சின்மேல் காத்துக்கொண்டிருக்கும். முந்தின நாள் சாயங்காலமும் அப்படித்தான் போட்டாள். மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு முத்துமாரி வேலைக்கே வரவில்லை என்று கம்பெனியில் ஆனது. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன் மாவு அரைக்கும்போது அடிபட்டது என்று ஊரில் ஆனது. ஊருக்குள் உண்மை தெரிந்தது பாண்டியனுக்கும் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாளுக்கும்தான். கண்ணம்மாள் வாயைத் திறக்காதவள். தாய் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரம் முழுக்கக் குழந்தைக்குச் சோறு போட்டவள் அவள்தான்.

வீடு திரும்பிய பிறகு, தொழிலாளர் இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஒருவர், கம்பெனியில் அடிபட்டதா என்று விசாரிக்க வந்தார். கிரைண்டரைப் பார்த்தார். சோற்றுக்குண்டான் அளவுக்குக்கூட இல்லாத சின்ன கிரைண்டர். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். சுவரோரம் நின்ற நந்தினியிடம் குனிந்து, நீதான் சுவிட்ச் போட்டியா பாப்பா என்று கேட்டார். குழந்தை அம்மா கையிலிருந்த கட்டுத்துணியையே பார்த்தது. உதடு கோணியது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மூச்சு வாங்க அழுதது. வந்தவர் மேலே ஒன்றும் கேட்காமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் பாண்டியன் மகளைத் தூக்கிக்கொண்டான்.

"கெட்டிக்காரி டீ இவ. சொல்லியே குடுக்கல, பார்த்தியா, இன்னா மாதிரி அழுதா."

அடிபட்டதிலிருந்து அன்றுதான் இருவரும் முதல்முறையாகச் சிரித்தார்கள். குழந்தைக்கு எல்லாம் தெரியும் என்று அந்தச் சிரிப்பிலேயே முடிவுகட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. பேசினால் வெளியே போகும் என்ற பயமும் இருந்தது.

சோபனா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முத்துமாரியை பேக்கிங்கில் உட்காரவைத்தார்கள். அட்டைப்பெட்டிமேல் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை, இடது கையால் பழகிக்கொண்டாள். திரும்பப் போன முதல் நாள், கேட்டுக்கு உள்ளே இருந்த 'விபத்தில்லா நாட்கள்' பலகையைப் பார்த்தாள். எண் ஏறிக்கொண்டே போயிருந்தது. அவளுடைய மூன்று விரல்களும் அந்தப் பலகையில் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை. கம்பெனியில் நடந்தது என்று எழுதியிருந்தால் ஆயுசு முழுக்கப் பென்ஷன் வந்திருக்கும் என்று பின்னாளில் யாரோ பஸ்ஸில் சொன்னார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த இழப்புக்கு ஈடாக இருந்தது மகள்தான். கிரைண்டர் சத்தம் கேட்டாலே நந்தினி வீரிட்டாள் என்று அதைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டார்கள், பாக்கெட் மாவு வாங்கினார்கள். தெருப் பிள்ளைகள் "கிரைண்டரு, கிரைண்டரு" என்று கூப்பிட்டு ஓடினால் நந்தினி திருப்பித் திட்டமாட்டாள், தலையைக் குனிந்துகொண்டு வருவாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அம்மாவுக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டும். சோற்றைப் பிசைந்து உருட்டிக் கொடுக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவாள். டூர் போகமாட்டாள், சித்தி வீட்டில் ஒரு நாள் தங்கமாட்டாள். பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும் என்று பஸ்ஸில் பெண்கள் சொல்லும்போது முத்துமாரிக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இன்னும் இரண்டு கதை சேர்த்துச் சொல்வாள்.

பிளஸ் டூவில் நந்தினி நல்ல மார்க் எடுத்தாள். வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது, ஹாஸ்டலோடு. போகமாட்டேன் என்றாள். ஆம்பூரிலேயே கம்பெனியில் சேர்ந்து, அம்மாவோடு ஒரே பஸ்ஸில் போய்வருகிறேன் என்றாள். பாண்டியன் கெஞ்சிப் பார்த்தான். முத்துமாரி திட்டினாள், இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்தாள். பணம் பயமா, ஹாஸ்டல் பயமா என்று துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில், உருட்டிய சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே நந்தினி சொன்னாள்.

"உன் கையை எடுத்தவ நான். உன்ன இப்டி வுட்டுட்டு நான் போய் யாருக்கு மா ஊசி போடறது?"

முத்துமாரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். இத்தனை வருஷத்துச் சோற்று உருண்டைகளும் தலைப்பின்னல்களும் ஒவ்வொன்றாக வேறு முகம் காட்டின. எதைப் பாசம் என்று பஸ்ஸெல்லாம் சொல்லிப் பூரித்தாளோ, அது ஒரு குழந்தை கட்டிக்கொண்டிருந்த தண்டனை.

அன்றே எல்லாவற்றையும் சொன்னாள். மிஷின், தோல் துண்டு, வேன், டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. நந்தினி கேட்டுவிட்டு, பெரியவர்கள் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தாள்.

"என்ன அனுப்பறதுக்காகக் கதை கட்டாத மா. எனக்கு ஞாபகம் கீது. நான் சுவிட்ச் போட்டேன், நீ கத்தின, மாவெல்லாம் செவப்பாச்சு."

பாண்டியன் சாமிமேல் சத்தியம் பண்ணினான். கண்ணம்மாள் வந்து தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். மூணு பேரும் பேசி வெச்சிருக்கீங்க என்று நந்தினி எழுந்து போய்விட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் கிரைண்டர் என்றுதானே இருக்கிறது.

கூட வேலை செய்தவர்களைக் கூட்டிவந்தாலும் பேசி வைத்தது என்றுதான் சொல்வாள், கிரைண்டர் என்று சொல்லச் சொன்னவளே வந்து சொன்னால்தான் உண்டு, முத்துமாரிக்கு அந்த ஒரே வழிதான் தெரிந்தது. சோபனா இப்போது எச்.ஆர். மேனேஜர், கண்ணாடி ரூம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள்முன் போய் நின்றாள். பென்ஷன் வேண்டாம், எழுத்தில் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு வந்து என் மகளிடம் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். சோபனா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"நான் வந்து சொல்றேன்னே வெச்சுக்குங்க. அந்தப் பொண்ணு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி எங்கனா போட்டுச்சுன்னா? எனக்கும் ரெண்டு பசங்க இருக்குது கா."

முத்துமாரி வாதாடவில்லை. வேனில் தன் கையைத் தாங்கிப் பிடித்துவந்தவள் என்ற நன்றி அவளுக்கு இன்னும் இருந்தது. பேக்கிங் ஹாலுக்குத் திரும்பி ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மாவு ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளைக் கேட்டாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கண்ணம்மா பெரியம்மா வீட்டில் நீ என்ன சாப்பிட்டாய்?

தோசை, என்றாள் நந்தினி. தினமும் தோசைதான். கடைசியில் புளித்துப்போய், சக்கரை தொட்டுச் சாப்பிட்டேன்.

"யார் வூட்டு மாவு அது?"

நந்தினி வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது பாதியில் நின்றது. அவளுக்கு அந்தத் தூக்கு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அப்பா பேர் வெட்டின எவர்சில்வர் தூக்கு. கனமாக இருந்ததால் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிந்தாமல் அடிமேல் அடி வைத்துக் கண்ணம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோனது அவள்தான். பெரியம்மா மூடியைத் திறந்ததும் மாவு பொங்கி வழிந்தது, விரலால் வழித்து நக்கியதற்குக் கையில் ஓர் அடி வாங்கினாள்.

"அது நீ முந்தின நாள் சுவிட்ச் போட்டு அரைச்ச மாவு. தூக்கு நெறைய மாவு இருக்கறப்போ விடியக்காலம் யாருனா திரும்ப அரைப்பாங்களா?" என்றாள் முத்துமாரி. "இன்னா கலர் டீ இருந்துது?"

"வெள்ளையா."

சொல்லிவிட்டு நந்தினி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பாரம் இறங்கிவிடும், கட்டிக்கொண்டு அழுவாள் என்று தாய் நினைத்தாள். நந்தினி அழவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்போ ஏம்மா என் பேரைச் சொன்ன?"

"வேற பேரே வாய்ல வரல டீ. வலியில உன் பேருதான் இருந்துது."

இருவரும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியன் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனான்.

இந்த இழுபறியில் அந்த வருஷத்து நர்சிங் இடம் போய்விட்டது. நந்தினி ஒரு வருஷம் ஷூ கம்பெனியில் நூல் வெட்டினாள். ஆனால் காலையில் அம்மாவுக்குத் தலை பின்னுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தச் சொன்னது முத்துமாரிதான். இரண்டு விரலை வைத்துக்கொண்டு கோணல் மாணலாகக் கொண்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பாள். அடுத்த வருஷம் மகளை வேலூரில் விட்டுவிட்டு வந்தபோது, பாண்டியன் பரணிலிருந்து கிரைண்டரை இறக்கினான். அரைக்கவில்லை, துடைத்து வைத்தார்கள்.

பேசிக்கொள்வார்கள், சிரித்துக்கொள்வார்கள், எல்லாம் இருந்தது. ஆனாலும் ஃபோனில் நந்தினி "சாப்ட்டியா மா" என்று கேட்கிற போதெல்லாம், அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று முத்துமாரி ஒரு நொடி காது கொடுத்துக் கேட்பாள். பிறகுதான் பதில் சொல்வாள்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. நந்தினிக்கு அது இரண்டாம் வருஷம். அவள் வந்து சேர்வதற்குள் பெண்கள் உடம்பைக் குளிப்பாட்டிப் புதுச்சேலை கட்டியிருந்தார்கள். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று வலது கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். கம்பெனி மாலையோடு சோபனா வந்து கால்மாட்டில் நின்றாள். வெளியூரிலிருந்து வந்த ஒரு கிழவி கை எங்கே என்று கேட்டாள். யாரோ, அது பாவம் எப்பவோ கிரைண்டரில் போய்விட்டது என்றார்கள்.

நந்தினி குனிந்து முந்தானையை விலக்கினாள். அந்தக் கையை வெளியே எடுத்து நெஞ்சின்மேல் வைத்தாள்.

"கிரைண்டர்ல இல்ல ஆயா. கம்பெனில, மிஷின்ல போச்சு."

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் கால்மாட்டில் நின்றவளுக்குக் கேட்டது. சோபனா மாலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கண்ணம்மாள்தான் போய் அதை வாங்கி, அந்தக் கை மறையாமல் பார்த்துப் போட்டாள்.