எருமை இறங்காத கழிவெளி

எருமை ஏப்பம் விடுவதால்தான் வெயில் ஏறுகிறது என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருத்தன் பேசிவிட்டுப் போனான். வருஷம் பல ஆகியும் அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவில்லை. கடலின் உப்புத்தண்ணீர் ஏறி நிற்கும் கழிவெளி ஓரத்து மேய்ச்சல் புறம்போக்கில் கம்பிவேலி போட்டு மரக்கன்று நடப்போகிறார்களாம், உலகத்துக்கு நல்லதாம். அன்றைக்கு என் அடுத்த வீட்டு எல்லம்மாள் அக்கா மட்டும் எழுந்தாள்.

"அந்தாளுக்கும் ஒரு கூடை புல்லு போடுங்கப்பா. இன்னா வுடுறான்னு பாக்கலாம்."

கூட்டம் சிரித்தது. வேலி வந்துவிட்டது.

அக்கா அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவள். திருவிடந்தைப் பக்கத்து வயலெல்லாம் மனையான பிறகு, எருமைப் பால் ஊற்றித்தான் மகள் பொன்னியைக் கட்டிக்கொடுத்தாள். காலையில் கழிவெளிக்கு ஓட்டினால் எருமைகள் ஓடைக்கரைச் சம்புப் புல்லையும் கோரையையும் மேயும். உச்சி வெயிலில் கழுத்துவரை சேற்றில் கிடக்கும். எருமைக்கு அவ்வளவாக வேர்க்காது. தண்ணீரில் கிடக்காவிட்டால் சூடு தாங்காது.

நட்ட கன்றில் பாதி உப்பில் கருகியது. மேய எருமை இல்லாமல் சம்பு ஆள் உயரம் வளர்ந்து ஓடையை அடைத்தது. ஐப்பசி மழை வடிய வழியில்லாமல் எங்கள் தெருவில் நின்றது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ராமானுஜம் சாரிடம் கேட்டேன். எருமை வயிற்று வாயு வெயிலைக் கூட்டுவதும் நிஜம், அந்த ஓடைக்கு எருமை வேண்டும் என்பதும் நிஜம் என்றார். இரண்டும் நிஜமென்றால் நான் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

அக்கா ஈ.சி.ஆர். ஓரம் ஓட்டிப் பார்த்தாள். ரிசார்ட் வாட்ச்மேன்கள் விரட்டினார்கள். வீட்டிலேயே கட்டி, ஈரச்சாக்கு போர்த்தினாள். குழாயில் தண்ணீர் வந்தால் உண்டு. போன சித்திரையில் ஒரு மத்தியானம் சினை எருமை நாக்கு தள்ளி விழுந்தது. தெருவே குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றியது. எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மீதி மூன்றையும் சந்தைக்கு ஏற்றச் சொன்னாள். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன் நான்தானே. வேலியை அறுத்துவிடலாம் என்றேன்.

"அறுத்தா மறுபடி கட்டுவான். நீ ஸ்டேஷன்ல குந்திகினு இருப்ப. ஏத்துடா."

சாயங்காலம் பொன்னி வந்து அவளைக் கோவளத்துக்கு, தன் வீட்டோடு கூட்டிப்போவதாக ஏற்பாடு.

எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் அதன் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவருவான். பழைய கயிறு வீடு திரும்பினால்தான் அந்த வாசலில் மறுபடியும் மாடு நிற்கும் என்பார்கள். வண்டியைக் கிளப்பும்போது, கயிறு மூன்றையும் பத்திரமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வண்டியின் பின்னால் ஏற்றியிருந்த எருமைகளை அக்கா பார்க்கவில்லை. என் கதவுப் பக்கம் வந்தாள்.

"வேணாம் சீனு. கயித்தோடயே குடுத்துட்டு வந்துடு."