தவளைகள் வாய்மூடும் நேரம்

சத்தம் விற்றுப் பிழைக்கிறவர்கள் இருட்டில் ஒரு புதுச் சத்தம் கேட்டால், முதலில் பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். பயப்படுவது அதற்குப் பிறகுதான்.

கிட்டடியில் ஒருநாள் பொழுதுபட்ட பிறகு எங்கள் வாசல் படலை "கிறீ...ச்" என்று இழுபட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'நல்ல சத்தம், பேய்ப்படம் எடுக்கிறவர்கள் வாங்குவார்கள்' என்று சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது, வீட்டில் நானும் இரண்டு வயது மகளும் மட்டும்தான் என்று. என் மனுசன், இவர், கட்டாரில் வேலை. நான் சைவ வீட்டுப் பிள்ளை. ஆனாலும் பயம் வந்தால் கொன்வென்ற் பள்ளியில் பழகிய செபம்தான் வாயில் வரும். அதைச் சொல்லிக்கொண்டு யன்னலால் பார்த்தேன். ஒருவரும் இல்லை. விடியப் போய்ப் பார்த்தால், படலையில் நான் சுற்றிக் கட்டியிருந்த கம்பி அவிழ்ந்து கிடந்தது. கிணற்றடி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமியிடம், இவருடைய அம்மாவிடம், சொன்னேன். அவா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னா: "காத்தாயிருக்கும் பிள்ளை."

கம்பியை அவிழ்க்கிற காற்று! இதே தொழிலில் இருக்கும் சகோதரங்களே, உங்களை ஊர் நம்புகிறதா? நீங்கள் ஊரை நம்புகிறீர்களா? என் கதையைக் கேளுங்கள்.

செத்த கீரி

நான் செய்வது இதுதான். மெட்டுகள் போடுவேன், மழை, தவளை, உழவு மெசின் என்று சத்தங்களைப் பதிவேன். இணையத்தில் வைப்பேன். படம் எடுக்கிறவர்கள் பாவிக்கும் உரிமத்தை வாங்குவார்கள். சத்தம் என்னுடையதாகவே இருக்கும்.

இதை எங்கள் விசுவமடுவில் ஒரு வாய்க்கால் வரம்பில் நின்று விளங்கப்படுத்திப் பாருங்கள். மைக்குக்குக் காற்றுப் படாமல் ஒரு மயிர் உறை போடுவோம். வயலுக்குத் தண்ணீர் கட்ட வந்த ஐயா ஒருவர், "என்ன பிள்ளை, செத்த கீரியோடை நிக்கிறாய்?" என்றார். நான் விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் ஆருக்கு என்ன சொன்னாரோ, அடுத்தநாள் மோட்டார் சைக்கிளில் சிவில் உடுப்புப் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் 'சும்மா விசாரிக்க' வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தேன். காதுக்கருவியை மாறி மாறிப் போட்டு முழுத் தவளைகளையும் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்கள். போகும்போது மூத்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தங்கச்சி, தவளைக்கு ஆர் காசு குடுப்பினம்? உண்மையைச் சொல்லுங்கோ."

அன்றோடு வயலை விட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம், மாரிமழையில் அது தவளைகளின் கோயில். மைக்கைப் பின்வளவுக் கொய்யாவில் கட்டினேன். கருவியை வெளியே வைத்தால் விடிய இருக்காது. அதனால் அது குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில். வயர் குறுக்கே போவதால் குசினிக் கதவு ஒரு விரல் இடைவெளி விட்டே நிற்கும். தாழ்ப்பாள் விழாது. ஒரு கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுப்பேன்.

மாதிரிக்கு மட்டும்

கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடுக்கிற தம்பி ஒருவர், தாலி கட்டுக்கு ஒரு மெட்டுக் கேட்டார். உரிமம் வாங்கமுதல் கேட்டுப்பார்க்க மாதிரி ஒன்று அனுப்புவோம். களவெடுக்காமல் இருக்க அதில் இடைக்கிடை என் குரலில் "இது மாதிரிக்கு மட்டும்" என்று வரும். உங்களுக்குத் தெரியாததா? தம்பி மாதிரியை எடுத்துக்கொண்டு ஆளே காணாமல் போய்விட்டார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவரே அழைத்தார். கலியாண வீட்டுக்கு வீடியோ போய், சொந்தமெல்லாம் கூடியிருந்து பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார், பெண் தலை குனிகிறாள், கெட்டிமேளத்துக்கு மேலே அமைதியாக ஒரு பெண் சொல்கிறாள், "இது மாதிரிக்கு மட்டும்." தம்பிக்கு அழுகை வராத குறை. "அக்கா, பொம்பிளை வீட்டார் மாப்பிள்ளையை விடுகினமில்லை, ஆரவள் எண்டு கேக்கினம். நீங்கள் ஒருக்கா வந்து சொல்லிவிடுங்கோவன்."

ஆம்பிளைக் குரல்

உரக்கடை முதலாளி ஒருவருக்கு ஓட்டோவில் பூட்டி ஊர்ஊராக ஓடவிட ஒரு விளம்பரம் வேண்டும். மெட்டுப் போட்டு, நானே பேசி அனுப்பினேன். மெட்டு நல்லம், குரல் சரியில்லை என்றார். ஆம்பிளை பேசவேண்டுமாம். ஆம்பிளைக்கு நான் எங்கே போவேன்? என் குரலையே கணினியில் போட்டுத் தாழ்த்தித் தாழ்த்தி, மீசை முளைக்கும்வரை தாழ்த்தினேன். "வாங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ!" மகள் நித்திரையான பிறகு, ஒவ்வொரு பொழுதும் அந்த ஒரே வரியை ஸ்பீக்கர் பெட்டியில் போட்டுப்போட்டுக் கேட்டுத் திருத்தினேன். ஒரு கிழமை போனது.

முதலாளிக்கு வலு திருப்தி. "இப்ப சரி தங்கச்சி. ஒரு ஆம்பிளை கூப்பிட்டாத்தான் சனம் நம்பி வரும்."

கனடாவில் கேட்ட இருமல்

கனடாவில் குறும்படம் எடுக்கிற அண்ணா ஒருவர் என் தவளைகளை வாங்கினார். வெட்டாத முழுப் பதிவும் வேண்டும் என்றார். இங்கேதான் என் பிழை. தவளைகள் இடைக்கிடை திடீரென்று நிறுத்தும். வாங்குகிறவருக்கு மௌனம் எதற்கு என்று, அந்த இடங்களைக் கேட்டும் பாராமல் வெட்டி எறிந்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிடுவேன். முழுப் பதிவை அப்படியே அனுப்பினேன். மறுமொழி வந்தது: "தவளை அந்தமாதிரி, திறம். ஆனா அதுகள் நிப்பாட்டினாப் பிறகு இருமுறது ஆர் தங்கச்சி?"

பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துக் கேட்டேன். ஆள் நடந்தால் தவளை வாய்மூடும், இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்; தவளையை விற்கிற எனக்குத்தான் உறைக்கவில்லை. மௌனம். பிறகு செருப்புச் சத்தம். பிறகு, கதவிடுக்குக்குக் கிட்ட, அடக்கிய ஒரு இருமல். இரண்டொரு நாள் படலையும் இழுபடுகிறது. வீடியோத் தம்பியா? தண்ணீர் கட்டிய ஐயாவா? மோட்டார் சைக்கிளில் வந்தவர்களா? ஊரில் ஆருக்கெல்லாம் இருமல் என்று கடையில் நின்று கவனித்தேன். மாமியிடம்கூடச் சொல்லவில்லை. ஏனென்றால் அவாவும் கொஞ்ச நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வேலிப் பொட்டு

அடுத்த நாள் பொழுதுபட்டதும் காதுக்கருவியைப் போட்டுக்கொண்டு குசினியில் இருந்தேன். தவளைகள் கத்தின. நிறுத்தின. செருப்புச் சத்தம். கைக்கு அகப்பட்டது அகப்பைதான். கதிரையைத் தள்ளிக் கதவைத் திறந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தை அடித்தேன். கொய்யாவுக்குக் கீழே, சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு, மாமி.

அவாதான் முதலில் வாய் திறந்தா. "எங்கையடி அவன்?"

"ஆர் மாமி?"

"பொழுதுபட்டா வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுறானே, அவன்!"

உள்ளே கூட்டிவந்து விளம்பரத்தைப் போட்டேன். முதலில் என் குரலாக, பிறகு தாழ்த்தித் தாழ்த்தி ஆம்பிளையாக. மாமி கதிரையில் இருந்துவிட்டா. "உரத்துக்கோ? கடவுளே! மகனுக்கு என்னத்தைச் சொல்லுறதெண்டு ஒரு கிழமையா எனக்கு நித்திரை இல்லையெல்லோ." அவா சிரித்தா, சிரிப்பில் இருமினா. அதே இருமல். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் கேட்டேன், "அதுக்கேன் மாமி படலையை அந்த இழுவை இழுக்கிறனீங்கள்? நான் செத்தே போனன்."

மாமியின் சிரிப்பு நின்றது. "நான் எங்கை படலையாலை வந்தனான்? கிணத்தடி வேலி பிஞ்ச பொட்டுக்குள்ளாலையெல்லோ வாறனான்."

இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம். வயர் கிடந்தது, ஒரு விரல் இடைவெளியில் இருட்டு நின்றது. வெளியே ஒரு தவளையும் கத்தவில்லை. மாமி எழும்பினா. "வயரை இழு பிள்ளை. நான் இண்டைக்கு இஞ்சைதான் படுக்கிறன்."

இழுத்தேன். கொய்யாக் கொப்பு முறிந்து மைக்கும் கூடவே உள்ளே வந்தது. மாமி கதவை முதுகால் தள்ளிச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டா. இப்போது அவாவும் மகளும் பக்கத்தில் நித்திரை. நான் இதை எழுதுகிறேன். மைக் உள்ளே வந்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது: மாமி உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்ட அந்தச் சத்தம் ஒன்றுக்கு மட்டும், ஆர் என்ன விலை சொன்னாலும், உரிமம் கொடுப்பதாக இல்லை.