திட்டு வாங்கிப் பழகிய ருக்குமணி

ருக்குமணிக்குப் பிறவியிலேயே கல் நெஞ்சு, அதனால்தான் டென்னிஸில் ஜெயித்தாள் என்று இந்த 1986-லும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிலர் அளந்துகொண்டிருக்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல் நெஞ்சாவது மண்ணாவது! சரியான அழுமூஞ்சி அவள். பன்னிரண்டு வருடம் அவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து வெட்டியவள் நான், மணியம்மா. எனக்குத் தெரியாததா?

துரை பங்களாவுக்குப் பின்னால் கம்பி வேலி போட்டு, பூட்டுத் தொங்கும் டென்னிஸ் திடல் ஒன்று உண்டு. அதைக் கூட்டிப் பெருக்கப் போனவள் ருக்குமணி. கூட ஆட ஆள் கிடைக்காத துரைசாணி, ஒருநாள் விளக்குமாற்றைப் பிடுங்கிவிட்டு மட்டையைக் கொடுத்தாள். நாள் முழுக்கப் பெரிய கத்திரி பிடித்துக் கொழுந்து வெட்டும் கை அல்லவா? பந்து பறந்தது. மூன்றே வருடத்தில் துரைசாணிக்கு மூச்சு வாங்கியது. கையில் ஒரு குறையும் இல்லை. மனசுதான் மோசம். ஒரு பந்து வலையில் விழுந்தால் முகம் சிவக்கும். இரண்டு விழுந்தால் உதடு துடிக்கும். மூன்றாவதில் மட்டையை வீசிவிட்டு எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடி வந்து கதவைச் சாத்திக்கொள்வாள்.

1979-இல் டவுன் கிளப்பில் வழக்கம்போல் பெண்களுக்குப் போட்டி வைத்தார்கள். துரை அவள் பெயரைக் கொடுத்தார். அவள் சும்மா இருந்தாளா? “ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்களும் இங்க ஆடலாமா தொரை?” என்று கேட்டுவிட்டாள். துரை சிரித்தார். கோப்பையோடு வந்தால் திடல் சாவி அவளுக்கு, தோற்றால் இனி வேலிப் பக்கமே வரக்கூடாது என்றார். இவளும் தலையாட்டிவிட்டு வந்து, என் அடுப்படியில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள்.

நிரையில் பின்தங்குகிறவளைச் சீண்டுவது எங்கள் வழக்கம். எட்டிப் பிடிக்கும்வரை விடமாட்டோம். பெற்றவர்களை மட்டும் இழுக்கக் கூடாது. கோபித்துக்கொண்டால் இரண்டு மடங்கு கிடைக்கும். அதையெல்லாம் ருக்குமணி சிரித்தபடி வாங்கிக்கொள்வாள், திருப்பியும் கொடுப்பாள். டென்னிஸ் திடலின் வெள்ளைக் கோட்டுக்குள் கால் வைத்தால்தான் அழுகை. அப்படியானால் நிரையையே அங்கே கொண்டுபோய்விட்டால் என்ன என்று நான்தான் யோசனை சொன்னேன்.

மறுநாள் சாயங்காலமே ஆறு பேர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டோம். எங்களில் பெரிய வாய் வேலாயிக்குத்தான்.

“அடியே ருக்கு, வலையில மீனா புடிக்கிற?”

“மட்டையில ஓட்டை லா! கூடையைக் குடுங்க!”

அவள் கண் கலங்கியதும் நான் சொன்னேன்: “அழுதாச்சா? அழுதாச்சுன்னா பந்தைப் பொறுக்கு.”

முதல் வாரம் மட்டை எங்கள்மேல் பறந்து வந்தது. இரண்டாம் வாரம் அழுதுகொண்டே ஆடினாள். மூன்றாம் வாரம், “வேலாயிக்கா, நீ ஆக்குற சோத்தைத் தின்னுட்டு உன் புருசனே அழல. நான் ஏன் அழணும்?” என்றாள். வேலாயியைத் தவிர நாங்கள் ஐந்து பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

போட்டியன்று, பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து டவுனுக்குப் போகும் காய்கறி லோரியில் கோஸ் கூடைகள்மேல் உட்கார்ந்து போய் இறங்கினோம். தட்டுத் தடுமாறிக் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டாள். எதிரே போன வருடம் ஜெயித்த ஐவி டீச்சர். ஒரே செட்தான். முதல் பந்தை ருக்குமணி வலையில் அடித்ததும், பழக்க தோஷம், ஆறு பேரும் ஆரம்பித்துவிட்டோம். சொந்த ஆளையே ஏசுகிறார்களே என்று கிளப்பே வாய் பிளந்தது. ஐவி டீச்சருக்குத் தமிழ் புரியுமே! சிரிப்பை அடக்க முடியாமல் பந்தை வெளியே வெளியே அடித்தாள். இரண்டு கேம் எங்களுக்கு.

உயரமான நாற்காலியில் இருந்த நடுவர் டொனால்ட் எழுந்து நின்றார். “இன்னொரு சத்தம் வந்துச்சு, உங்க ஆளு தோத்துட்டான்னு எழுதிடுவேன்!”

வாயைப் பொத்திக்கொண்டோம். என் ஆயுளில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. அந்த அமைதியில் ருக்குமணி வரிசையாக ஐந்து கேமைக் கோட்டைவிட்டாள். இன்னும் ஒன்று போனால் சாவி இல்லை. உதடு துடித்தது. மட்டையை ஓங்கினாள். யோசனை சொல்லி அவளைக் கெடுத்ததே நான்தானே என்று நொந்துகொண்டேன்.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. “அடியே ருக்கு, வலையில மீனா புடிக்கிற?” அச்சு அசல் வேலாயியின் குரல், ஆனால் வந்தது ருக்குமணி வாயிலிருந்து! பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு என் குரலில், “அழுதாச்சா? அழுதாச்சுன்னா பந்தைப் பொறுக்கு.” பொறுக்கினாள். அடித்தாள்.

“யாரை ஏசுற?” என்றார் டொனால்ட்.

“என்னையத்தான் சார். அதுக்கும் சட்டம் இருக்கா?”

அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு மடித்து வைத்துவிட்டார். ஆறு பேர் வேலையை ஒருத்தியே பார்த்தாள். தன்னைத் திட்டித் திட்டியே 7–5 என்று முடித்தாள். நான் ஐவி டீச்சரையே கட்டிப்பிடித்துக் கத்தினேன்.

அடுத்த ஞாயிறு, இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு வந்து ருக்குமணி பூட்டைத் திறந்தாள். முதல் ஆளாக நான்தான் இறங்கினேன். இது என்ன பெரிய வித்தை என்றுதானே இத்தனை நாள் வேலிக்கு வெளியே நின்று வாய் கிழியப் பேசினேன்? முதல் பந்து வலையில். இரண்டாவதும் வலையில். மூன்றாவதும் போனதும் மட்டையை வீசி எறிந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

ருக்குமணி வேலிக்கு வெளியே, சரியாக நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“மணியக்கா, அழுதாச்சா?”

நான் பந்தைப் பொறுக்கினேன்.