காயலான் கடைக்குப் போன கார் ரேஸ்

கான் ஹொய் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் நானும் மனைவியும் சாயங்காலமானால் பழைய கேம் பெட்டியில் கார் ரேஸ் ஆடுவோம். கார்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எங்களோடு தங்கியிருந்த அவள் தம்பி, எங்களைக் கேட்காமலே அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புது கம்ப்யூட்டர் வாங்கி, அதில் புது கார் ரேஸ் கேம் போட்டு வைத்தான்.

“ரோட்டுத் தண்ணியில வானமே தெரியுது பாருங்க மாமா.”

அந்த கேமில் ஒருவர்தான் ஆடலாம். அவன் ஆடினான், நாங்கள் வேடிக்கை பார்த்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வானம் பாக்கவாடா உக்காந்தோம்? உங்க அக்கா என்னை முந்திட்டுச் சிரிப்பா. அதுக்குத்தான் ஆடுனோம்.”

உடனே பைக்கில் போய், பழைய மின்விசிறிகளுக்கு அடியில் கிடந்த பெட்டியை மீட்டு வந்தேன். மனைவி அன்றைக்கும் என்னை முந்தினாள்.

“எனக்கும் ஒரு ஆட்டம் குடுங்க மாமா” என்றான். கொடுக்கவில்லை.